பிலோட்டியின் வகுப்பிலிருந்து இத்தனை விதமான ஓவியர்கள் எப்படி வந்தார்கள்?

நீங்கள் கேட்டது இது: "லென்பாக், மகார்ட், லெய்ப்ல், அமெரிக்காவின் சேஸ் என்று யாருடைய வாழ்க்கைக் குறிப்பை எடுத்தாலும் 'மியூனிக்கில் கார்ல் ஃபான் பிலோட்டியிடம் பயின்றார்' என்று ஒரு வரி வருகிறது. அந்தப் பிலோட்டியின் படங்களைத் தேடிப் பார்த்தால் நாடக மேடை மாதிரி இருக்கின்றன. இவர் நிஜமாகவே பெரிய ஓவியரா?" கேள்வியை இரண்டு மூன்று முறை படித்தேன். பிலோட்டிக்கு மதிப்பெண் போடச் சொல்லி நீங்கள் கேட்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. தன் படங்களால் இன்று நம்மை அதிகம் தொடாத ஒருவர், நம்மைத் தொடுகிற இத்தனை பேருக்கு எப்படி ஆசிரியராக இருக்க முடிந்தது என்பதுதான் உங்களை உறுத்துகிறது. இது என்னையும் பல வருடமாக உறுத்திய விஷயம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் நான் எங்கே நின்று பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். இருபது வருடங்களுக்கு மேலாகத் தைல வண்ணம் கற்றுக்கொடுக்கிறேன். மியூனிக்கில் சில மாதங்கள் தங்கி, அங்குள்ள படங்களின் முன்னால் நாள்கணக்கில் நின்றிருக்கிறேன். ஜெர்மன் மொழியை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பேன். ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்து ஆராய்ந்தவன் அல்ல. ஆகவே வருடம், பதவி, படம் பற்றிச் சொல்வதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த பதிவுகள். வகுப்பில் என்ன நடந்திருக்கும் என்று சொல்வதில் ஒரு பகுதி, படங்களின் மேற்பரப்பைப் பார்த்து நான் ஊகித்தது. அது எந்த இடம் என்பதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

பிலோட்டி பிறந்தது 1826 அக்டோபர் 1, மியூனிக் நகரில். அப்பா ஃபெர்டினாண்ட் பிலோட்டி கல்லச்சுக் கலைஞர். கல்லச்சு என்கிற முறையையே 18ஆம் நூற்றாண்டின் கடைசி வருடங்களில் அதே மியூனிக்கில்தான் அலோய்ஸ் செனஃபெல்டர் கண்டுபிடித்தார். பெரிய பிலோட்டியின் பிழைப்பு, பவேரிய அரச சேகரிப்பில் இருந்த பழைய மேதைகளின் தைல ஓவியங்களைக் கல்லில் வரைந்து அச்சிடுவது. யோசித்துப் பாருங்கள். வண்ணத்தில் இருக்கிற ஒரு ரூபன்ஸ் படத்தை வெறும் கறுப்பு வெள்ளைக்கு மாற்ற வேண்டும். பட்டு பட்டாகவும் இரும்பு இரும்பாகவும் தெரிய வேண்டும். கைவசம் இருப்பது வெளிச்சமும் நிழலும் மட்டும். அந்த வீட்டில் வளர்கிற பையன் நிறத்தின் பெயரைக் கற்பதற்கு முன்பே நிறத்தின் எடையைக் கற்றிருப்பான். எடை என்று நான் சொல்வது, எந்த நிறம் எந்த நிறத்தைவிட எவ்வளவு இருண்டது என்கிற கணக்கு. நம் கல்லூரிகளில் இதைத்தான் 'டோன்' என்கிறோம். பிலோட்டி பிற்காலத்தில் கற்றுக்கொடுத்ததன் வேர் இந்தக் கல்லச்சுப் பட்டறையில் இருக்கிறது என்பது என் ஊகம். ஆனால் படங்களைப் பார்க்கப் பார்க்க இந்த ஊகம் எனக்கு உறுதிப்பட்டுக்கொண்டேதான் வந்திருக்கிறது.

1840 வாக்கில் மியூனிக் கலை அகாதெமியில் சேர்ந்தார். அங்கே கார்ல் ஷோர்ன், யூலியுஸ் ஷ்னோர் ஃபான் கரோல்ஸ்ஃபெல்ட் ஆகியோர் ஆசிரியர்கள். ஷோர்ன் இவருக்கு மைத்துனர் முறை. 1844இல் அப்பா இறந்துபோனார். அன்றைய மியூனிக்கில் ஓவியம் என்றால் என்ன என்பதைத் தெரிந்துகொண்டால்தான் பிலோட்டி செய்த மாற்றம் புரியும். முந்தைய தலைமுறையின் பெரிய பெயர் பீட்டர் ஃபான் கொர்னேலியுஸ். லுட்விக் தேவாலயத்தின் பலிபீடச் சுவரில் பிரமாண்டமான இறுதித் தீர்ப்பு சுவரோவியத்தை வரைந்தவர். அவருக்கும் அவர் பள்ளியினருக்கும் உயிர்நாடி கோடுதான். முழு அளவில் கரியால் தாளில் வரைந்து முடித்துவிட்டால் ஓவியரின் வேலை முடிந்த மாதிரி. வண்ணம் அதற்குப் பிறகு பூசிக்கொள்கிற விஷயம், உதவியாளர்கள்கூடச் செய்யலாம். கருத்து உயர்ந்தது, கோடு தூய்மையானது, வண்ணமோ புலன்களை மயக்குவது என்கிற நம்பிக்கை அதன் பின்னால் இருந்தது.

இந்த நம்பிக்கையை அசைத்தவை பெல்ஜியத்திலிருந்து வந்த இரண்டு படங்கள். லூயி கல்லே வரைந்த ஐந்தாம் சார்ல்ஸ் பேரரசர் முடிதுறக்கும் காட்சி ஒன்று. எட்வார் த பியேஃப் வரைந்த, நெதர்லாந்துப் பிரபுக்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் காட்சி மற்றொன்று. 1842, 1843 ஆண்டுகளில் இவை ஜெர்மன் நகரங்களுக்கு ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்க் காட்டப்பட்டன. வெல்வெட் வெல்வெட்டாக மின்னுகிற, மனிதர்கள் நிஜமான காற்றுக்குள் நிற்கிற வரலாற்றுப் படங்களைப் பார்த்து இளைஞர்கள் மலைத்துப்போனார்கள். அப்போது பிலோட்டிக்குப் பதினாறு பதினேழு வயது. பத்து வருடம் கழித்து, 1852இல், ஆண்ட்வெர்ப், பாரிஸ், லண்டன் என்று சுற்றிவந்தார். பாரிஸில் போல் டெலரோஷ் என்ற ஓவியரின் வழி அவருக்குப் பிடித்துப்போனது. வரலாற்றின் பெரிய தருணத்தைச் சத்தம் போடாமல், ஒரு அறைக்குள், சாட்சி போல நின்று காட்டுவது டெலரோஷின் வழி. அவருடைய 1831ஆம் வருடப் படம் ஒன்றில், தலை வெட்டப்பட்ட இங்கிலாந்து மன்னன் முதலாம் சார்ல்ஸின் சவப்பெட்டியைத் திறந்து, அவரை எதிர்த்து வென்ற கிராம்வெல் குனிந்து பார்க்கிறார். அவ்வளவுதான் படம். போர் இல்லை, கூட்டம் இல்லை.

ஊர் திரும்பிய பிலோட்டி 1853இல் செவிலித்தாய் ஒருத்தியைப் பற்றிய படம் வரைந்து கவனம் பெற்றார். 1854இல் மன்னர் இரண்டாம் மாக்ஸிமிலியனுக்காக, 1609இல் மியூனிக்கில் கத்தோலிக்க அணி உருவான நிகழ்ச்சியை வரைந்தார். ஆனால் அவர் பெயரை நிலைநிறுத்தியது 1855ஆம் வருடத்துப் படம்: வாலன்ஸ்டைனின் சடலத்தின் முன் செனி.

இந்தப் படத்தில் கொஞ்சம் நின்று போகலாம், உங்கள் கேள்விக்கான பாதி பதில் இதற்குள் இருக்கிறது. வாலன்ஸ்டைன், 17ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய நிலங்களில் நடந்த முப்பதாண்டுப் போரில் பேரரசரின் தளபதி. சோதிடத்தில் ஆழ்ந்த பிடிப்புள்ளவர். வானியலாளர் கெப்ளரே இவருக்கு ஜாதகம் கணித்துக் கொடுத்திருக்கிறார். இத்தாலியரான செனி இவருடைய ஆஸ்தான சோதிடர். பேரரசருக்கு எதிராகத் திரும்புகிறார் என்ற சந்தேகத்தில், 1634 பிப்ரவரி 25 இரவு, எகர் நகரில், இன்றைய செக் நாட்டின் ஹெப் அது, வாலன்ஸ்டைனைக் கொன்றுபோட்டார்கள். ஷில்லரின் நாடகங்கள் வழியாக இந்தக் கதை ஜெர்மன் வாசகர்களுக்கு மனப்பாடம். பிலோட்டி கொலையை வரையவில்லை. கொலை முடிந்துவிட்டது. தளபதி தரையில் கிடக்கிறார். கறுப்பு உடையில் கிழவர் வந்து நின்று பார்க்கிறார். நட்சத்திரங்களைப் படித்தவருக்கு இது தெரிந்திருந்ததா இல்லையா என்பதை அவர் முகம் சொல்லிவிடவில்லை. படம் 3 மீட்டருக்கு மேல் உயரம், மூன்றரை மீட்டருக்கு மேல் அகலம். அதாவது பிணம் கிட்டத்தட்ட ஆள் அளவில் உங்கள் காலடியில் கிடக்கும்.

கணினித் திரையில் இது நாடக மேடையாகத் தெரிவதில் ஆச்சரியமே இல்லை. திரையில் நமக்குக் கிடைப்பது கதையும் அமைப்பும் மட்டும். நேரில் போய் நின்றபோது எனக்குக் கதை ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் நான் பார்த்துக்கொண்டிருந்தது விரிப்பையும் துணி மடிப்புகளையும்தான். கம்பளத்தின் பூவேலை ஒவ்வொன்றையும் அவர் எண்ணி வரையவில்லை. கிட்டப் போனால் அகலமான பிரஷ் தடங்கள், பின்னுக்கு வந்தால் கம்பளம். நிழலுக்குள் போகிற துணி தன் நிறத்தை இழக்காமல் இருளாகிறது. எங்கள் தொழிலில் இது எவ்வளவு கடினம் என்று எண்ணெய் வண்ணம் தொட்டவர்களுக்குத் தெரியும். நிழல் என்றதும் கறுப்பைக் கலக்கிச் சேறாக்குவதுதான் எல்லா மாணவர்களும் முதலில் செய்வது. கொர்னேலியுஸ் வழியில் வளர்ந்த மியூனிக் இளைஞர்கள் இந்தப் படத்தின் முன் நின்றபோது, கதையைவிட இதுதான் அவர்களைப் பிடித்திழுத்திருக்க வேண்டும். இதை நமக்குச் சொல்லித்தர ஊரிலேயே ஒருவர் இருக்கிறார் என்பது எவ்வளவு பெரிய செய்தி!

1856இல் அகாதெமியில் பேராசிரியர் ஆனார். 1860இல் பட்டம் தந்து பிரபு வரிசையில் சேர்த்தார்கள், பெயரில் உள்ள 'ஃபான்' அப்போது வந்தது. 1874இல் காலராவில் இறந்த வில்ஹெல்ம் ஃபான் கௌல்பாக்குக்குப் பின் அகாதெமியின் இயக்குநர். 1886 ஜூலை 21இல் இறக்கும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். ஆக, முப்பது வருட ஆசிரியப் பணி.

இனி வகுப்பறை. அன்றைய அகாதெமியில் மாணவன் நேராகப் பெரிய ஆசிரியரிடம் போய்விட முடியாது. முதலில் பிளாஸ்டர் சிலைகளைப் பார்த்து வரைய வேண்டும், அப்புறம் உயிருள்ள மாடல், அப்புறம் வண்ணம் தீட்டும் வகுப்பு, கடைசியில்தான் சொந்தப் படம் அமைக்கும் மேல்வகுப்பு. பிலோட்டியிடம் வருகிறவன் ஏற்கெனவே வரையத் தெரிந்தவன். அவனுக்கு எதைச் சொல்லித்தருவது? பிலோட்டி மாணவர்களின் ஆரம்பகாலப் படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் மூன்று பொதுவான குணங்கள் கண்ணில் படும். நடுத்தர அல்லது இருண்ட அடித்தளத்திலிருந்து வெளிச்சத்தை நோக்கி ஏறிவருகிறார்கள். கோட்டால் அடைத்து நிரப்பாமல் பரப்புகளாகப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு பொருளும், தோல், உலோகம், ரோமம், ஈர மண், வெளிச்சத்தை வாங்குகிற விதத்தைத் தனித்தனியாகக் கவனிக்கிறார்கள். இந்த மூன்றிலும் கதை எங்கேயும் இல்லை என்பதைக் கவனியுங்கள். வாலன்ஸ்டைனும் வேண்டாம், நீரோவும் வேண்டாம். ஒரு செப்புப் பானை போதும்.

என் முடிவு இதுதான். பிலோட்டியின் படங்களில் இரண்டு பிலோட்டிகள் இருக்கிறார்கள். ஒருவர் கதை சொல்பவர், மற்றவர் பார்ப்பவர். கதை சொல்பவர் தன் காலத்தோடு போய்விட்டார். பார்ப்பவர் வகுப்பறைக்குள் நுழைந்தார். அவர் கொடுத்தது ஒரு பாணியாக இருந்திருந்தால் மாணவர்கள் அத்தனை பேரும் சின்னச் சின்னப் பிலோட்டிகளாக ஆகியிருப்பார்கள். அவர் கொடுத்தது கண்ணை. அது எந்தத் திசைக்கு வேண்டுமானாலும் போகும்.

எப்படியெல்லாம் போனது என்று பாருங்கள். ஃபிரான்ஸ் லென்பாக் 1857இல் அவரிடம் சேர்ந்தார், கட்டடம் கட்டுபவரின் மகன், ஷ்ரோபன்ஹவுஸன் என்ற சிற்றூர். அடுத்த வருடம் ஆசிரியரோடு ரோமுக்குப் போனார். 1860இல் அவர் வரைந்த இடையச் சிறுவன் படத்தில், நடுப்பகல் வெயிலில் புல்லில் மல்லாந்து கிடக்கிற பையன் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு வானத்தைப் பார்க்கிறான். அழுக்கான வெறுங்கால் நம் பக்கம். வரலாறு இல்லை, நிகழ்ச்சி இல்லை, வெயில்தான் படம். பின்னாளில் அதே லென்பாக் உருவப்பட ஓவியராகி, ஜெர்மன் அரசுத் தலைமை அமைச்சர் பிஸ்மார்க்கைத் திரும்பத் திரும்ப வரைந்தார். ஹான்ஸ் மகார்ட், வியன்னா அகாதெமி திறமையில்லை என்று அனுப்பிவைத்த சால்ஸ்பர்க் பையன். 1861இலிருந்து சில வருடம் பிலோட்டியிடம் இருந்தார். பிறகு அதே வியன்னாவுக்குப் பேரரசரின் அழைப்பில் திரும்பி, நகரத்தின் உடை, வீட்டு அலங்காரம் வரை எல்லாவற்றுக்கும் தன் பெயரைக் கொடுத்தார். பின்னாளில் வியன்னாவின் புகழ்பெற்ற ஓவியரான கிளிம்ட் இளமையில் வளர்ந்தது மகார்ட்டின் நிழலில்தான். பிராகிலிருந்து வந்த காப்ரியேல் மாக்ஸ் தியாகிகளையும் ஆவியுலகத்தையும் வரைந்தார். வீட்டில் குரங்குகளை வளர்த்தார். கலை நடுவர்களாக உட்கார்ந்திருக்கும் குரங்குக் கூட்டத்தை வரைந்தவர் இவரே. டைரோல் மலை விவசாயியின் மகன் ஃபிரான்ஸ் டெஃப்ரெகர் தன் ஊர் மக்களின் 1809ஆம் வருடக் கிளர்ச்சியைப் படமாக்கினார். எட்வார்ட் கிரூட்ஸ்னர் மதுக்கிடங்குத் துறவிகளை வரைந்தே வாழ்ந்தார். ஹங்கேரியிலிருந்து ஒரு பெரிய வரிசையே வந்தது. அதில் பென்ட்ஸூர் ஆசிரியரின் வழியிலேயே தன் நாட்டின் வரலாற்றுப் படங்களை வரைந்தார். ஸின்யெய் மெர்ஷேவோ 1873இல் மலைச்சரிவில் நண்பர்கள் உட்கார்ந்து சாப்பிடும் ஒரு மே மாத நாளை அப்படியொரு பச்சையில் வரைந்தார். பிரெஞ்சுக்காரர்களின் இம்ப்ரெஷனிசக் கண்காட்சி முதன்முதலில் நடந்ததே அடுத்த வருடம்தான்.

வில்ஹெல்ம் லெய்ப்ல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் கணக்கில் இந்த வகுப்பிலிருந்து வந்தவர்களில் மிகப் பெரியவர் அவர். கொலோன் நகரத்தவர். வேறு ஆசிரியர்களிடம் படித்துவிட்டு 1868இல் பிலோட்டியிடம் வந்தார். அடுத்த வருடம் மியூனிக் கண்ணாடி மாளிகையில் நடந்த சர்வதேசக் கண்காட்சியில், சிற்பி கெடோனின் கருவுற்ற மனைவியை அவர் வரைந்த உருவப்படம் இருந்தது. பாரிஸிலிருந்து வந்திருந்த யதார்த்தவாத ஓவியர் கூர்பே அதைப் பார்த்துப் பாராட்டினார். லெய்ப்ல் பாரிஸுக்குப் போய்விட்டார். ஆக, பிலோட்டியிடம் அவர் இருந்த காலம் குறைவு. அவரைப் 'பிலோட்டியின் மாணவர்' என்று சொல்வது பதிவேட்டின்படி சரி. ஆனால் லெய்ப்லை உருவாக்கியது பிலோட்டிதான் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ராம்பர்க் என்ற முந்தைய ஆசிரியருக்கும், கூர்பேக்கும், மியூனிக்கின் பழைய டச்சுப் படங்களுக்கும் அதில் பங்கு உண்டு. 1878 முதல் 1882 வரை ஒரு கிராமத் தேவாலயத்தில் உட்கார்ந்து, மூன்று பெண்கள் ஜெபிக்கிற ஒரே படத்தை வரைந்தார் லெய்ப்ல். கிழவியின் கை ரேகையும் துணியின் இழையும் தெரியும். அதில் நிகழ்ச்சி என்று எதுவுமே கிடையாது. பிலோட்டியின் பெரிய படங்களுக்கு இதைவிட எதிரானது ஒன்றை யோசிக்க முடியாது. ஆனாலும் பொருளுக்கு முன்னால் இப்படிப் பணிந்து உட்காரும் பழக்கத்துக்கு அந்த ஊர் முழுக்க ஒரு மதிப்பை உண்டாக்கியவர்களில் பிலோட்டி முதல்வர்.

அமெரிக்கக் கிளை இன்னும் சுவாரசியமானது. வில்லியம் மெரிட் சேஸ் 1872இல் மியூனிக் வந்தார். முதலில் அலெக்சாண்டர் வாக்னர், பிறகு பிலோட்டி. அந்த வாக்னரே பிலோட்டியின் பழைய மாணவர். 1878இல் நியூயார்க் திரும்பிய சேஸ், தன் காலத்து அமெரிக்காவின் மிகச் சிறந்த ஓவிய ஆசிரியர்களில் ஒருவரானார். அவர் வகுப்பில் எட்வர்ட் ஹாப்பர் படித்தார், ஜார்ஜியா ஓ'கீஃப் படித்தார். ஓ'கீஃப் 1908இல் மாணவியாகப் பரிசு வாங்கிய படம் எது தெரியுமா? செத்த முயலும் ஒரு செப்புப் பானையும். இருண்ட பின்னணி, கீழே உள்ளது காய்வதற்கு முன்பே மேலே போட்ட வண்ணம், செம்பின் மேல் ஒரு துளி வெளிச்சம். நேராக மியூனிக்கிலிருந்து வந்த பாடம் அது. பூக்களையும் பாலைவன எலும்புகளையும் வரையப்போகிற ஒரு பெண்ணின் கைவழியாக, பிலோட்டியின் வகுப்பறை ஒரு கணம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. அதே மியூனிக் அகாதெமி, 1920 வரை பெண்களைச் சேர்த்துக்கொள்ள மறுத்துவந்தது என்பதையும் இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. பிலோட்டியின் மாணவர் பட்டியல் முழுக்க ஆண்களாக இருப்பதற்குக் காரணம் அதுதான், திறமையின் பங்கீடு அல்ல.

பட்டியல்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மியூனிக்கில் படித்த எல்லோரையும் பிலோட்டியின் கணக்கில் எழுதிவிடுகிற பழக்கம் இணையத்தில் பரவியிருக்கிறது. அமெரிக்கர் ஃபிராங்க் டுவெனெக்கை இவருடைய மாணவர் என்று யாராவது எழுதியிருந்தால் நம்ப வேண்டாம். அவர் படித்தது வில்ஹெல்ம் ஃபான் டீட்ஸிடம். அருவ ஓவியத்தின் முன்னோடி காண்டின்ஸ்கி மியூனிக் வந்தபோது பிலோட்டி இறந்து பத்து வருடம். இன்னொன்று, அவரைப் பற்றிய துணுக்குக் கதைகள். மூத்த ஓவியர் மோரிட்ஸ் ஃபான் ஷ்விண்ட் இவரைப் பார்த்து, "இந்த வருஷம் என்ன அசம்பாவிதத்தை வரைகிறீர்கள்?" என்று கேட்டதாக ஒரு கதை உண்டு. கொலை, தீ, வீழ்ச்சி என்றே பிலோட்டி வரைந்துகொண்டிருந்தார் என்பதற்காக இதை எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். அப்படியே நடந்ததா என்பதற்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன். ஆனால் ரோம் எரிந்த சாம்பலில் நீரோ, சிறையில் கலிலியோ, கடைசியில் முடிக்காமலே விட்டுப்போன அலெக்சாண்டரின் மரணம் என்று அவர் எடுத்த பொருள்களைப் பார்த்தால், அந்தக் கதை ஏன் நிலைத்தது என்று விளங்கும்.

இந்தப் பள்ளியின் படங்கள் பல இன்று கறுத்தும் சுருங்கியும் இருப்பதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. அந்த நூற்றாண்டின் பட்டறைகளில் ஆஸ்பால்ட் என்ற தார் வகை நிறம் பிரபலம். மெல்லிய பூச்சாகப் போட்டால் தேன் போன்ற பழுப்பு, நிழலுக்குள் ஒரு கதகதப்பு வந்துவிடும். போட்ட அன்றைக்குப் பார்த்தால் ரெம்பிராண்ட். ஆனால் அது உள்ளே ஒருபோதும் முழுசாகக் காய்வதில்லை. மேலே போட்ட வண்ணம் காய்ந்து இறுகும், அடியில் உள்ளது வெயிலுக்கும் குளிருக்கும் நகர்ந்துகொண்டே இருக்கும். சில பத்து வருடங்களில் மேற்பரப்பு முதலைத் தோல் மாதிரி பிளந்துவிடும். இதில் பெரிதாக அடிபட்டவர் மகார்ட். அவர் காலத்தவர்கள் மயங்கிய வண்ணங்களில் ஒரு பங்கைத்தான் நாம் இன்று பார்க்கிறோம். ஆகவே 'இருண்ட மியூனிக் பாணி' என்று நாம் சொல்வதில் கொஞ்சம் ஓவியரின் விருப்பம், கொஞ்சம் வேதியியல். எது எவ்வளவு என்பதைப் படம் படமாகச் சோதனைக்கூடத்தில்தான் சொல்ல முடியும். என் மாணவர்களிடம் நான் ஆஸ்பால்டைத் தொடவே வேண்டாம் என்று சொல்வேன். பழுப்பு வேண்டுமென்றால் எரித்த அம்பர் மண் இருக்கிறது, நாளைக்கும் அது பழுப்பாகவே இருக்கும்.

பிலோட்டியின் பெரிய படங்களில் 1873இல் முடித்த துஸ்னெல்டாவும் ஒன்று. கிட்டத்தட்ட 5 மீட்டர் உயரம், 7 மீட்டர் அகலம். ரோமானியரைத் தோற்கடித்த ஜெர்மானியத் தலைவன் ஆர்மினியுஸின் மனைவி சிறைப்பட்டு, கி.பி. 17இல் ஜெர்மானிகுஸின் வெற்றி ஊர்வலத்தில் சிறு மகனோடு நடந்துபோகிறாள். மேலே திபேரியுஸ் பேரரசர் உட்கார்ந்து பார்க்கிறார். 1871இல் ஜெர்மனி ஒரே நாடாகி இரண்டே வருடம் ஆகியிருந்தது. ஆர்மினியுஸுக்குக் காட்டின் நடுவே பிரமாண்டமான சிலை எழும்பிக்கொண்டிருந்த நேரம். யாருக்காக இந்தப் படம் பேசுகிறது என்பது பார்த்தவர்களுக்கெல்லாம் தெரியும். என் மனசில் இது செனி படத்துக்குப் பக்கத்தில் நிற்காது. அங்கே ஒரு அறையும் இரண்டு மனிதர்களும் இருந்தார்கள், பார்ப்பவரான பிலோட்டிக்கு வேலை இருந்தது. இங்கே ஒவ்வொரு முகமும் ஒரு கருத்தை உரக்கச் சொல்கிறது. மியூனிக் நகரமன்றத்துக்காக வரைந்த மோனாக்கியா என்ற 15 மீட்டர் நீளப் படத்தில், ஊரின் வரலாற்று மனிதர்கள் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் கூடி நிற்கிறார்கள். அதைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை.

துஸ்னெல்டா 1873 வியன்னா உலகப் பொருட்காட்சியில் வைக்கப்பட்டது. நம்மவர்களுக்கு இந்த வருடம் வேறு காரணத்துக்காகத் தெரியும். சென்னைக் கண்காட்சியில் பதக்கம் வாங்கிய, கூந்தலில் பூச்சூடும் நாயர் பெண்ணின் படத்துக்காக ரவி வர்மாவுக்கு அதே வியன்னாவில் பரிசு கிடைத்தது. இருபது வருடம் கழித்து ரவி வர்மா பம்பாயில் தொடங்கிய அச்சகத்தில், ஜெர்மன் தொழில்நுட்பக்காரர்கள் கல்லச்சு இயந்திரங்களை இயக்கினார்கள். சிறிய பிலோட்டி வளர்ந்த வீட்டின் தொழில் அது. இதை வைத்து ரவி வர்மா பிலோட்டியைப் பார்த்துக் கற்றார் என்று யாரும் எழுதிவிட வேண்டாம், அதற்கு ஆதாரம் கிடையாது. புராணக் காட்சியை நிஜமான பட்டும் நிஜமான தோலும் கொண்டு வரைவது அந்த நூற்றாண்டு முழுக்கப் பரவியிருந்த ஆசை. அவ்வளவுதான் சொல்லலாம்.

அவர் பெயர் ஏன் இப்படி மங்கியது என்றும் கேட்கத் தோன்றும். அவர் இறந்து ஆறே வருடத்தில், 1892இல், மியூனிக் ஓவியர்களில் ஒரு பகுதியினர் பழைய சங்கத்திலிருந்து பிரிந்து தனி அமைப்பு தொடங்கினார்கள். ஏழு மீட்டர் வரலாற்றுப் படத்துக்கு அங்கே இடம் இல்லை. பிறகு நாம் படிக்கிற கலை வரலாறு பாரிஸைச் சுற்றியே எழுதப்பட்டது. அதில் பிலோட்டி போன்றவர்கள், யாரை எதிர்த்துப் புதியவர்கள் கிளம்பினார்களோ அந்தப் பழையவர்களாக மட்டும் மிஞ்சினார்கள். அவருடைய வரலாற்றுப் படங்களைப் பொறுத்தவரை அந்தத் தீர்ப்பில் நியாயம் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். ஆசிரியர் என்கிற முறையில் அவரை அப்படி ஒதுக்கியது நியாயமில்லை. நான் வகுப்பெடுக்கத் தொடங்கிய புதிதில், என் மாணவர்கள் எல்லோரும் நான் கலக்கும் அதே நீலநிழலைக் கலக்கத் தொடங்கியதைப் பார்த்துப் பெருமைப்பட்டேன். அது என் தோல்வி என்று புரியச் சில வருடங்கள் ஆயின. பிலோட்டியின் மாணவர்களை வரிசையாக நினைத்துப் பார்த்தபோதுதான் அது புரிந்தது.

நீங்கள் மேற்கொண்டு பார்க்க விரும்பினால் ஒரு யோசனை. செனி, துஸ்னெல்டா படங்களின் இருப்பிடமான மியூனிக்கின் நோயே பினகோத்தேக் அருங்காட்சியகம் 2018 முடிவிலிருந்து பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டது, அங்கே போவதற்கு முன் நிலைமையை விசாரித்துக்கொள்ளுங்கள். லென்பாக்கின் இடையச் சிறுவன் அதே ஊரில் ஷாக் சேகரிப்பில் இருக்கிறான். துஸ்னெல்டாவின் சிறிய வடிவம் ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இணையத்தில்தான் பார்க்க முடியும் என்றால், செனி படத்தின் பெரிய கோப்பை இறக்கிக்கொண்டு, முகங்களை விட்டுவிட்டு, தரையை மட்டும் திரை முழுக்கப் பெரிதாக்குங்கள். பக்கத்திலேயே இடையச் சிறுவனின் அழுக்குக் காலையும் பெரிதாக்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவில் ஐந்து வருட இடைவெளி. பிரஷ் நிழலுக்குள் நுழைகிற இடத்தை இரண்டிலும் மாறி மாறிப் பாருங்கள்.